கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்: சீன அரசப் பீங்கான் சேர்க்க வருபவர்களுக்கு

பதினான்கு வருடங்களுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு கடையில் 1,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து என் முதல் சீனக் கிண்ணத்தை வாங்கினேன். அடியில் நீல முத்திரை எழுத்தில் சியான்லோங் பேரரசரின் பெயர். கிண்ணம் நிற்கும் அடிவளையத்தில் மண்ணில் புதைந்து கிடந்ததுபோல் ஒரு பழுப்புக் கறை. அந்தக் கறைதான் என்னை மயக்கியது. வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் வாளியில் இருந்தது தேநீர். நிறமும் அதுதான், குனிந்து முகர்ந்தால் வாசனையும் அதுதான். அடிவளையம் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது.

இப்படி ஏமாந்து கொடுக்கும் பணத்துக்குச் சீனச் சேகரிப்பாளர்கள் ‘கல்விக் கட்டணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் அதைக் கட்டுகிறோம். நீங்கள் என்னைவிடக் குறைவாகக் கட்ட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எது அரசப் பீங்கான்?

சீனாவில் செய்ததெல்லாம் அரசப் பீங்கான் ஆகிவிடாது. அரண்மனையின் ஆணைப்படி, அரண்மனை அனுப்பிய வடிவப்படி, அரசு அதிகாரியின் மேற்பார்வையில் சுட்டெடுத்தவை ‘குவான்யாவ்’, அதாவது அரச சூளைக் கலங்கள். சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் செய்தவை ‘மின்யாவ்’, மக்கள் சூளைக் கலங்கள். மிங் (1368–1644), சிங் (1644–1912) வம்சங்களின் காலத்தில் இரண்டுக்கும் தலைமையிடம் ஜியாங்சி மாநிலத்தின் ஜிங்டெஜென் நகரம்தான். பக்கத்தில் இருக்கும் காவ்லிங் குன்றின் வெள்ளைக் களிமண்ணையும் பீங்கான்கல் தூளையும் கலந்து, ஏறக்குறைய 1,300 டிகிரி வெப்பத்தில் சுடுவார்கள். இன்று உலகம் முழுவதும் வழங்கும் ‘கேயோலின்’ என்ற பெயர் அந்தக் குன்றின் பெயரிலிருந்து வந்ததுதான்.

மிங் காலத்தில் அரச சூளையில் சிறு குறை தெரிந்தாலும் கலத்தை உடைத்து அங்கேயே புதைத்துவிடுவார்கள். ஜிங்டெஜென் நகரின் சூஷான் பகுதியில் 1980களிலிருந்து தோண்டியபோது அந்த ஓடுகள் குவியல் குவியலாக வெளிவந்தன. “இது மிங் அரச சூளையில் கழித்துவிட்ட கலம், அதனால்தான் மலிவு” என்று யாராவது கதை சொன்னால், முழுக்கலமாக அது எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள்.

அதற்கும் முந்திய சோங் காலத்துக் கலங்களைப் புதியவர்கள் மறந்துவிடுவது நல்லது. ‘ரு’ சூளையின் கலங்கள் உலகில் மொத்தமே நூற்றுக்கும் குறைவாகத்தான் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று தெருமுனைக் கடையில் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள்

பார்த்துப் பார்த்துக் கண் பழக வேண்டும். லண்டன் போக வாய்ப்பிருந்தால் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95ஆம் அறை. பெர்சிவல் டேவிட் சேகரித்த ஏறக்குறைய 1,700 கலங்கள் அங்கே ஒரே அறையில் இருக்கின்றன. காலவாரியாகக் கண்ணைப் பழக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பெய்ஜிங், தைபே நகரங்களின் அரண்மனை அருங்காட்சியகங்கள், சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம், இந்தியாவில் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் நல்ல சீனக் கலங்களைப் பார்க்கலாம்.

ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளே இருப்பதன் அடிப்பக்கத்தைப் பார்க்க முடியாது, எடையும் தெரியாது. அதற்கு ஏலத்துக்கு முன் நடக்கும் பார்வை நாள்களைப் பயன்படுத்துங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் விற்பனைக்கு முந்திய சில நாள்கள் பொருள்களைப் பார்வைக்கு வைக்கும். வாங்கும் கட்டாயம் கிடையாது, கேட்டால் கையில் எடுத்துத் தருவார்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள். அதைப் பார்த்தாலே உங்களை மதிப்பார்கள்.

ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்று கை துறுதுறுத்தால், மூழ்கிய கப்பலின் கிண்ணம் ஒன்றை வாங்குங்கள். 1822இல் தென்சீனக் கடலில் மூழ்கிய ‘டெக் சிங்’ கப்பலிலிருந்து மீட்ட ஏறக்குறைய 350,000 கலங்கள் 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஏலத்துக்கு வந்தன. எல்லாம் சாதாரண மக்கள் புழங்கியவைதான், அரசப் பீங்கான் அல்ல. இப்படித் தோண்டி விற்பதைத் தொல்லியலாளர்கள் வெறுக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் 1822ஆம் ஆண்டின் அடிவளையம் எப்படி இருக்கும் என்று சந்தேகமில்லாமல் கையால் தடவிப் பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஏலச் சீட்டோடும் சான்றிதழோடும் வருவதை மட்டும் வாங்குங்கள். நூறாண்டுக்கு மேல் உப்புநீரில் கிடந்ததால் மெருகு, அதாவது மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு, மங்கியிருக்கும். மெருகைப் படிக்க அது உதவாது.

பார்க்கும் வரிசை

பையில் வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், புறஊதா டார்ச், அளவு நாடா, ஒரு தடித்த துண்டு. துண்டு எதற்கு என்றால், மேசையில் விரித்து அதன்மேல்தான் கலத்தைக் கவிழ்க்க வேண்டும்.

புதியவர்கள் செய்யும் முதல் காரியம் கவிழ்த்து எழுத்தைப் படிப்பது. பேரரசரின் பெயரைக் கண்டதும் மனம் வாங்கத் தீர்மானித்துவிடும். அதன்பிறகு கண் அதற்குச் சாட்சி மட்டுமே தேடும். எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். முதல் சந்திப்பிலேயே அடியில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு என் கையில் கிண்ணத்தைக் கொடுத்தார். “எழுத்தை விடுங்கள் தம்பி. மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு இது எந்தக் காலம் என்று நீங்களே சொல்லுங்கள். கடைசியில் விரலை எடுக்கிறேன்.” இன்றும் நான் இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

முதலில் எடை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஏந்துங்கள். சக்கரத்தில் கையால் இழுத்த கலம் கீழே கனத்து, விளிம்பை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அச்சில் கூழை ஊற்றி வார்த்த நவீனக் கலத்தில் சுவர் எங்கும் ஒரே தடிமனாக இருக்கும்; உட்புறத்தின் வளைவு வெளிப்புறத்தை அப்படியே பின்பற்றும். மிங் பேரரசர் யோங்லே காலத்தின் ‘கையழுத்தும் கோப்பை’ என்றே ஒரு வகை உண்டு. விரிந்த விளிம்பு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பொருந்தி உட்கார, கனமெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். அந்தப் பெயரை வைத்தவர்கள் எடையைக் கையால் படித்தவர்கள். பெரிய ஜாடியாக இருந்தால் உள்ளே கையை விடுங்கள். பழைய ஜாடிகளைத் துண்டு துண்டாகச் செய்து ஒட்டினார்கள். ஒட்டிய இடம் விரலுக்கு ஒரு மேடாகத் தட்டுப்படும்.

அடுத்தது அடிவளையம். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் மெருகு படாமல் களிமண் வெளியே தெரிவது பெரும்பாலும் இங்கே மட்டும்தான். சிங் பேரரசர்களான காங்சி, யோங்செங், சியான்லோங் காலத்து நல்ல அரசக் கலங்களின் அடிவளையம் வழுவழுப்பாக உருண்டிருக்கும். சீனர்கள் அதற்கு ‘அயிரை முதுகு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் குளத்து அயிரை மீனைப் பிடித்து வழுக்கவிட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நகத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டுங்கள்: சொரசொரப்பாக மாட்டினால், கூரான விளிம்பு இருந்தால், யோசிக்க வேண்டும். மெருகு முடிந்து களிமண் தொடங்கும் கோட்டில் பல பழைய கலங்களில் மெல்லிய செம்மஞ்சள் சாயல் இருக்கும். களிமண்ணில் இருக்கும் இரும்பு சூளையில் வெந்து வந்த நிறம் அது. லென்ஸில் பார்த்தால் மெருகோரத்தில் கரைந்து மங்கிப்போகும். பூசிய நிறமாக இருந்தால் குழிகளில் தேங்கி நிற்கும், துடைத்தால் துணியில் ஒட்டும், என் கிண்ணம்போல் வாளியிலும் இறங்கும்.

மண்கறை ஏற்றும் வித்தை புதியதல்ல. ஜிங்டெஜென்னில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712இல் எழுதிய கடிதத்தில், பழமை காட்ட வேண்டிய கலங்களைச் சேவல் கறியின் கொழுத்த சாற்றில் வேகவைத்து, ஒரு மாதமோ அதற்கு மேலோ நாற்றமடிக்கும் சாக்கடையில் போட்டுவைப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெளியே எடுக்கும்போது முந்நூறு நானூறு வருடப் பழையதாகத் தோன்றுமாம். ஆக, மூன்று நூற்றாண்டாக நடந்துவரும் தொழில் இது. என்னை ஏமாற்றியவர் தேயிலையோடு நின்றுகொண்டது எவ்வளவோ பரவாயில்லை.

மெருகில் பார்க்க வேண்டியது தேய்மானம். உண்மையில் புழங்கிய கலத்தின் கீறல்கள் திக்குத்திசை இல்லாமல் இருக்கும், கை படும் இடங்களிலும் கிண்ணத்தின் உள்ளடியிலும் அதிகமாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில் அணிவகுக்கும். அமிலத்தில் நனைத்த மெருகு மூலை முடுக்கு விடாமல் ஒரே சீராக மங்கியிருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: அரண்மனைக் கிடங்கிலேயே இருந்துவிட்ட அரசக் கலங்கள் நேற்றுச் சூளையிலிருந்து இறக்கியதுபோல் பளிச்சென்று இருப்பதுண்டு. புதிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்திலேயே புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்துவிடுங்கள். பழுதுபார்த்து வண்ணம் தீட்டிய இடம் மற்ற இடத்தைப்போல் ஒளிராது. விரலுக்கும் தெரியும்: பீங்கான் சில்லென்றிருக்கும், பழுதுபார்த்த பகுதி அவ்வளவு குளிராது.

நிறம் காலத்தைச் சொல்லும்

வண்ணங்களுக்குப் பிறந்த தேதி உண்டு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிப் போலிகளைக் கழித்துவிடலாம். பாலில் குழைத்ததுபோன்ற இளஞ்சிவப்பைத் தங்கத்திலிருந்து எடுக்கிறார்கள். சீன அரசப் பீங்கானில் அது காங்சி ஆட்சியின் கடைசி வருடங்களில், ஏறக்குறைய 1720ஐ ஒட்டித்தான் வருகிறது. அடியில் மிங் பேரரசரின் பெயரும் மேலே இளஞ்சிவப்புப் பூவும் இருந்தால் விவாதமே வேண்டாம். குரோமியம் என்ற தனிமமே 1797இல்தான் கண்டறியப்பட்டது. சோதனையில் குரோமியப் பச்சை தென்பட்டால் அது யோங்செங் (1723–1735) காலத்துக் கலம் ஆக முடியாது.

நீல-வெள்ளைக் கலங்களில் நீல நிறம் தரும் கோபால்ட்டைக் கவனியுங்கள். யோங்லே, சுவாண்டே (1426–1435) காலங்களில் மேற்காசியாவிலிருந்து வந்த, இரும்பு மிகுந்த கோபால்ட்டைப் பயன்படுத்தினார்கள். தூரிகை நின்ற இடங்களில் நிறம் திரண்டு, கறுத்த புள்ளிகளாக மெருகுக்குள் அமிழ்ந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பார்த்து ஆசைப்பட்டு நகல் செய்தார்கள். நகலில் அந்தப் புள்ளிகளைத் தூரிகை நுனியால் தனியாக வைத்திருப்பார்கள். லென்ஸை வைத்துப் பார்த்தால், புள்ளிகள் கோட்டின் ஓட்டத்தில் தாமாகத் திரண்டதுபோல் இல்லாமல், கோலத்தின் மேல் வைத்த புள்ளிகளைப்போல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்.

மெருகுக்கு மேல் தீட்டிய பழைய வண்ணங்களைச் சாய்த்து ஒளியில் பிடித்தால், சுற்றிலும் வானவில்போல் மெல்லிய மினுமினுப்பு தெரியும். ‘கிளிஞ்சல் ஒளி’ என்பார்கள். நல்ல அடையாளம்தான், ஆனால் அதையும் ரசாயனத்தால் வரவழைக்கிறார்கள்.

டிராகனின் விரல் எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஐந்து விரல் டிராகன் பேரரசருக்கு உரியது என்பது விதி. போலி செய்பவருக்கும் ஐந்து வரை எண்ணத் தெரியும்.

இப்போது குறியைப் படிக்கலாம்

கலத்தின் அடியில் எழுதும் வழக்கமான குறியில் ஆறு எழுத்துகள். வலப்பக்க வரிசையில் மேலிருந்து கீழாகத் தொடங்க வேண்டும்: ‘தா மிங் சுவாண்டே நியன் ஜி’, அதாவது ‘மாபெரும் மிங், சுவாண்டே ஆட்சியாண்டில் செய்தது’. சுவாண்டே என்பது பேரரசரின் சொந்தப் பெயர் அல்ல, அவர் ஆட்சிக்குச் சூட்டிய பெயர். நம் வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கையில் வைத்து, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டில் தமிழும் உண்டு. அதன் சீனப் பகுதி நாளைக் குறிப்பது ‘யோங்லே ஏழாம் ஆண்டு’ என்றுதான், அதாவது 1409.

அந்த யோங்லே (1403–1424) காலத்து நீல-வெள்ளைக் கலங்களில் பெரும்பாலும் குறியே கிடையாது. ‘தா மிங் யோங்லே’ என்று ஆறு எழுத்துகளும் அழகாக எழுதியிருந்தால், அந்த அழகே சந்தேகத்துக்குக் காரணம். சுவாண்டே குறியில் ‘டே’ எழுத்தின் கீழ்ப்பகுதியில் ‘இதயம்’ என்ற உறுப்பு இருக்கும். அதற்கு மேலே வர வேண்டிய ஒரு குறுக்குக்கோட்டை அக்காலத்தில் பெரும்பாலும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். கோடு இருந்தால் கவனமாகுங்கள். இல்லாவிட்டால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள், போலி எழுதுபவர்களும் இதைப் படித்திருக்கிறார்கள்.

குறி பொய் சொல்வதெல்லாம் மோசடியும் அல்ல. 1677இல் ஜிங்டெஜென்னின் அதிகாரி ஒருவர், பேரரசரின் பெயர் எழுதிய கலம் உடைந்தால் அவமரியாதை என்று கருதி, காங்சி பெயரை எழுதத் தடை போட்டார். அந்தக் காலக் கலங்கள் பலவற்றில் பெயருக்குப் பதில் ஓர் இலை இருக்கும், அல்லது உள்ளே எதுவும் இல்லாத இரட்டை நீல வட்டம் மட்டும் இருக்கும். சிலர் முன்னோர் மீதுள்ள மதிப்பால் மிங் பேரரசர் செங்குவாவின் பெயரை எழுதினார்கள். எனவே செங்குவா (1465–1487) குறி போட்ட காங்சி கலம் ‘போலி’ அல்ல, அது நல்ல காங்சி கலம். விலையை மட்டும் காங்சிக்கு உரியதாகக் கொடுங்கள். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது தெரியுமா? 8 சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள செங்குவா ‘கோழிக் கோப்பை’ ஒன்று 2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோனது.

காகிதமும் ஆய்வுக்கூடமும்

இந்தக் கலம் யார் வீட்டிலிருந்து, எப்போது, எப்படி வந்தது? “தாத்தா ஷாங்காயிலிருந்து கொண்டுவந்தார்” என்பது வாய்க்கதை. தாத்தா வாங்கிய ரசீது, 1960களின் ஏலப் பட்டியலில் அச்சான படம், பழைய கண்காட்சிச் சீட்டு: இவைதான் சான்று. பட்டியலில் இருக்கும் படத்தையும் கையில் இருக்கும் கலத்தையும் லென்ஸ் வைத்து ஒப்பிடுங்கள். ஊசிமுனைக் குழியும் கறுப்புப் புள்ளியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்தே கலத்தைச் செய்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சூளையில் தற்செயலாக விழுந்த புள்ளியை அதே இடத்தில் விழவைப்பது கடினம்.

வெப்ப ஒளிர்வுச் சோதனை, கடைசியாகச் சுட்டதிலிருந்து களிமண்ணில் சேர்ந்த கதிர்வீச்சை அளக்கிறது. அடிவளையத்தில் சிறு துளையிட்டு மாதிரி எடுப்பார்கள். துல்லியமான ஆண்டைச் சொல்லாது. நூறாண்டுக் கணக்கில் பழையதா, அண்மையில் சுட்டதா என்று பிரிக்கும். உடைந்த பழைய கலத்தின் அடிப்பாகத்தைப் புதிய உடலில் ஒட்டிவிட்டால் அடியில் எடுத்த மாதிரி உண்மையைத்தான் சொல்லும், கலம் பொய்யாக இருக்கும். செயற்கையாகக் கதிர்வீச்சுக் கொடுத்து ஏமாற்றுவதும் உண்டு. விற்பவர் கையில் தயாராக வைத்திருக்கும் சான்றிதழை நான் பொருட்படுத்துவதில்லை. சோதனை வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தின் ஆளே மாதிரி எடுக்க வேண்டும், செலவு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

நிபுணர்களும் முரண்படுவார்கள். 2022இல் பிரான்ஸின் ஃபோன்டன்ப்ளோ நகரில் 20ஆம் நூற்றாண்டு அலங்காரப் பொருள் என்று 2,000 யூரோவுக்குள் மதிப்பிட்ட ஒரு நீல-வெள்ளை டிராகன் ஜாடியை, அது 18ஆம் நூற்றாண்டுக் கலம் என்று நம்பியவர்கள் போட்டி போட்டு 77 லட்சம் யூரோ வரை ஏற்றினார்கள். மதிப்பிட்டவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. யார் சரி என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

எதில் தொடங்குவது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவர் வீட்டு வாசல் விற்பனையில் 35 டாலருக்கு வாங்கிய கிண்ணம் யோங்லே காலத்தது என்று தெரிந்து, 2021 மார்ச்சில் 721,800 டாலருக்கு விற்றது. உண்மைச் செய்திதான். இந்த ஒரு செய்தியை நம்பி ஆயிரம் பேர் போலி வாங்கியிருப்பார்கள்.

என் யோசனை குவாங்சு (1875–1908) காலத்து அரச சூளைத் தட்டுகள். சிறியவை, நல்ல வேலைப்பாடு, முந்தைய பேரரசர்களோடு ஒப்பிட்டால் விலை தரையில் இருக்கிறது. அல்லது விரிசல் விட்ட, விளிம்பு உதிர்ந்த முந்தைய காலத்துக் கலம் ஒன்று. குறை இருப்பதால் விலை பல மடங்கு இறங்கும். உடைந்த இடத்தில் களிமண்ணின் உள்நிறத்தை நேரிலேயே பார்க்கலாம். குறையை விற்பவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ரசீதில் ‘சியான்லோங் பாணி’ என்று எழுதியிருந்தால் அது சியான்லோங் காலத்தது அல்ல என்று பொருள். ‘சியான்லோங் குறியும் காலமும்’, அதாவது குறியும் அவருடையது, செய்ததும் அவர் காலத்தில்தான் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கலத்தைத் துண்டோடு மெதுவாக மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1911க்கு முற்பட்ட பண்டைப் பொருள்களைத் தனியார் வெளியே கொண்டுபோகச் சீனச் சட்டம் விடுவதில்லை. ஜிங்டெஜென்னிலிருந்து “சிங் காலத்துக் கலம், கூரியரில் அனுப்புகிறேன்” என்பவர் போலியை அனுப்புகிறார், அல்லது உங்களைக் கடத்தலில் சேர்க்கிறார். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடை விதிக்கிறது; சென்னைக்கு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டால் மறுபடி எடுத்துச் செல்வது எளிதல்ல.

வாங்கிய பிறகு: விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கை அடியில் இருக்கட்டும். கழுவும்போது தொட்டியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். தங்கப்பூச்சும் மேல்வண்ணமும் உள்ளதைத் தேய்க்காதீர்கள். அடியில் பழைய ஏல எண், கடைச்சீட்டு, மங்கிய பென்சில் கிறுக்கல் ஏதாவது ஒட்டியிருந்தால், அசிங்கமாக இருக்கிறதே என்று உரித்துவிடாதீர்கள், நீரும் படவிடாதீர்கள். அடுத்து வாங்குபவர் கவிழ்த்ததும் முதலில் தேடப்போவது அதைத்தான்.